லோடு கயிறு

ஆடி, செவ்வாய் இரவு.

காலையில் சதுரங்கப்பட்டினம் சாலையில் நாங்கள் அடித்த ஆள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். வெயிலில் பிளாஸ்டிக் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தான். பைக் திருடன் என்று யாரோ கத்த, நான் டெம்போவைக் குறுக்கே நிறுத்தினேன்.

"நான் பாக்ஸர்ணா. வெயிட்டு கொறைக்க ஓடறேன்" என்றான். எவனும் நம்பவில்லை. "அப்ப என் கைய கட்டிப் போட்டுக்கோங்க, போலீஸ் வர்ற வரைக்கும் இங்கியே கீறேன்" என்று கையை நீட்டினான். லோடு கட்டும் கயிற்றால் நான்தான் கட்டினேன். கட்டிய பிறகுதான் எல்லோருக்கும் அடிக்கத் தைரியம் வந்தது.

சாயங்காலம் விசாரணைக்குப் போனபோது, அவனுடைய பாக்ஸிங் கோச் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தார். "ரிங்குக்கு வெளிய கை ஓங்காதன்னு நான்தான் சொல்லி வெச்சேன்" என்றார். கையைக் கட்டியது யார் என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன்.

காலையில் நான் கட்டும்போது, "டைட்டா வாணாம்ணா, சனிக்கிழமை மேட்ச் கீது" என்றான். நான் இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.