கப்பல் தட்டில் கை தூக்கியவர்

ரெட்டியார்பாளையம்,
ஞாயிறு

அன்பு மகள் தீபலட்சுமிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பு கேட்கிறபடி இருக்கிறோம், துலூஸ் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை. போனில் பேசலாமே என்பாய், இதைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பழைய அணுகுண்டு சோதனைப் பிலிம்களைக் கம்ப்யூட்டருக்குக் காட்டி, நெருப்புப் பந்து எவ்வளவு பெருத்தது என்று அதையே அளக்க வைக்கிறாய், அன்று ஸ்கேல் வைத்து அளந்தவர்களின் பிழையைத் திருத்துகிறாய், நல்லது. கப்பல் தட்டில் நிற்கும் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாக்களில் ஒருவர் தூக்கிய கை நெருப்பின் விளிம்பை மறைப்பதால் அளவு தப்புகிறது, அந்த வரிசையை அழிக்கப் போகிறேன், அதற்கு முன் உங்கள் கப்பலா என்று பாருங்கள் என்று கேட்டிருந்தாய். எங்கள் கப்பல்தான். குண்டுக்கு முதுகைக் காட்டி முழங்கையால் கண்ணை மூடச் சொல்லி உத்தரவு. மூடிய கண்ணுக்குள்ளேயும் வெளிச்சம் வந்தது. பெருமாள் கோயிலில் திரை விலகியது போல ஒருவர் மட்டும் கோவிந்தா என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். அவர்தான் தவளக்குப்பம் கோவிந்தசாமி. சார்ஜண்ட் திட்டினார், நாங்கள் சிரித்தோம்.

அவர் ரத்தப் புற்றுநோயில் போய் இருபது வருஷம். அவர் அந்தக் கப்பலில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று பிரெஞ்சுப் பட்டாள ஆபீஸில் கைவிரித்ததும் அவர் மனைவி வேம்பு என்னிடம் வந்தார். "நீங்க கூட நின்னவருதானே அண்ணே, ஒரு கையெழுத்து போடுங்க. அவுரு எதனால செத்தாருன்னு அவங்க எழுதிக் குடுத்தா போதும்" என்றார். குண்டுச் சோதனையைப் பற்றி வெளியே சொல்லமாட்டேன் என்று பட்டாளத்தில் எழுதிக் கொடுத்தவன் நான், பென்ஷனை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து கடைத்தெருவில் அவரைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். வெட்கமாக இருக்கிறது தீபா, அலுத்தும் போய்விட்டது.

நீ அளப்பதற்கு வேண்டுமென்றால் ஒரு நகலில் அழித்துக்கொள். அழிக்காத படத்தைப் பெரிதாக அச்செடுத்து, தேதி போட்டு எனக்கு அனுப்பு, மறந்துவிடாதே. நானே பஸ் ஏறிப் போய் வேம்புவிடம் கொடுத்து, கையெழுத்தும் போடுகிறேன். வேளைக்குச் சாப்பிடு, திரையையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ராஜவேல்

பி.கு.: கோவிந்தசாமிக்குப் பக்கத்தில் முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பவன் நான்.