தாங்குவோம் என்ற சொல்லுக்குத் தாழையடி நாட்டார் கேட்கும் பொருள்

கடல் தன் எல்லையில் நிற்க. மழை தன் பருவத்தில் பொழிய. எண்ணும் எழுத்தும் எளியார் வீட்டிலும் விளங்குக.

வெளியர் குலத்து வேந்தர், கீழ்கடல் காவலர், கோ இளவெளியத்தேவரின் திருவாணை நடத்தும் பேரமைச்சர் காரிநம்பியார் திருமுன்னர்க்கு, தாழையடி நாட்டுப் பன்னிரண்டு ஊர்க்கும் அவைத்தலைவியாகிய சாத்தன் நக்கை விடுக்கும் ஓலை. தேவர் திருமேனி நலமே விளங்குக. கொன்றைமாநகரின் மதிலும் மாடமும் குறைவின்றி ஓங்குக. தாங்களும் தங்கள் மனையாரும் மக்களும் நெடிது வாழ்க. இங்கு யாமும் நலம் என்று எழுதுவது ஓலைக்குரிய முறை. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆடித் திங்கள் ஏழாம் நாள் தங்கள் முத்திரை பொறித்த ஆணையோலை எம் அவைக்கு வந்தது. தலைமேல் வைத்து வணங்கியே பிரித்தோம். தாழையடி நாட்டார் தம் பள்ளிகளுக்கு வேண்டும் நெல்லைத் தாமே தாங்குவோம் என்று மனமுவந்து எழுதிக் கொடுத்தமையால், முன்னரசர் காலம் முதல் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து எம் பள்ளிகளுக்கு வந்த பாதி நெல்லும் இனி வாராது என்றும், அது குதிரைப்படைக்குச் சேரும் என்றும், எம் பெருந்தன்மையைத் தேவர் புகழ்ந்தார் என்றும் அதில் எழுதியிருந்தது. குதிரைகள் நன்றாக உண்ணட்டும். அவற்றின்மேல் எமக்குக் கோபமில்லை.

மேலே தாங்கள் என்று எழுதினேன். இனி நீர் என்றே எழுதுவேன். பொறுத்தாலும் பொறுக்காவிட்டாலும் சரி.

சென்ற பங்குனியில் நீரே எம் கரைக்கு வந்தீர். இரண்டு ஆண்டுகளாகக் கடல் ஏறி உப்பளங்கள் அழிந்ததையும், ஊரார் தம் பங்கான மறுபாதி நெல்லைத் தர மாட்டாமல் திணறியதையும், எம் நான்கு பள்ளிகளில் ஆசிரியர் அரை வயிற்றோடு பாடம் சொன்னதையும் கண்டீர். புன்னைத்துறைப் பள்ளியில் ஆசிரியர் எயினன் தத்தனோடு அமர்ந்து கஞ்சி குடித்து, அரசு இருக்கும்போது பள்ளிக்கு ஊரார் ஏன் தவிக்க வேண்டும் என்று கண் கலங்கினீர். பள்ளி நெல் முழுவதையும் அரண்மனையே அளிக்குமாறு தேவரிடம் விண்ணப்பிக்கப்போவதாகவும், படைத்தலைவர் சிலர் அதை எதிர்ப்பதாகவும், நாட்டவைகள் ஒரே குரலில் தம் ஆதரவை எழுதிக் கொடுத்தால் எதிர்ப்பார் வாயடைத்துப் போவார் என்றும் என்னிடம் கூறினீர். நான் நம்பினேன். உம் கண்ணீரைக்கூட நம்பினேன்.

ஊர் ஊராய் நடந்தேன். அரசர் கை நீண்டால் பின்பு அதே கை பள்ளிக்குள்ளும் நீளுமே என்று அஞ்சியவர் உண்டு. என் பிள்ளை உப்பு வாரப் பிறந்தவன், அவனுக்கு எழுத்து எதற்கு என்று முகம் திருப்பியவரும் உண்டு. ஒவ்வொருவரிடமும் வாதாடினேன், சிலரிடம் சண்டையும் போட்டேன். சித்திரை முழுநிலவு நாளில் பன்னிரண்டு ஊரும் இசைந்தன. அன்று ஓலையில் எழுதிய தொடர் என்னுடையது: பள்ளிகளுக்கு நெல் அளிக்கும் அரசப்பணியைத் தாழையடி நாட்டார் தாங்குவோம்.

தாங்குவோம் என்று ஏன் எழுதினேன் என்பதை உமக்கன்றி வேறு எவருக்கேனும் விளக்க வேண்டியிருந்தால் இப்படி விளக்கியிருப்பேன். எம் கானலம்மையின் பல்லக்கைக் கடலாடக் கொண்டுபோகும்போது, அதைத் தோளில் சுமக்கும் உரிமை அரசரின் காவலர்க்கே உண்டு. நாட்டார் நாங்கள் இருபுறமும் கூட நடந்து, தண்டின்மேல் கை வைத்து, தாங்குவோம் தாங்குவோம் என்று குரல் எழுப்புவோம். சுமப்பது நீங்கள், அது சாயாமல் பக்கத்தில் நிற்பது நாங்கள் என்பது அதன் பொருள். எம் கரையில் அச்சொல்லுக்கு வேறு பொருள் எவருக்கும் தெரியாது.

உம் ஓலைச்சாலையில் வேறு பொருள் இருக்கிறது. தாங்குவோம் என்று முத்திரையிட்டுக் கொடுத்தவர் அப்பாரம் முழுவதையும் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டவராவார் என்பது அங்குள்ள வழக்காம். ஆணையோலையைக் கொண்டுவந்த உம் எழுத்தர் இதை என் முகம் பாராமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நல்ல மனிதர், தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்.

இது அறியாமையால் நேர்ந்த பிழை என்று நீர் சொல்லலாம். அரண்மனை அகராதி அறியாத நெய்தல் நிலத்துப் பெண் ஒருத்தி தவறாக எழுதிவிட்டாள், எழுதியபடி ஆணை போயிற்று என்று தேவரிடமும் சொல்லியிருப்பீர். காரிநம்பியாரே, பங்குனித் திருவிழாவில் பல்லக்கின் பக்கத்தில் என்னோடு நடந்தவர் யார்? இவர்கள் கூவும் சொல்லுக்கு என்ன பொருள் என்று என்னைக் கேட்டவர் யார்? நான் விளக்கியதும் எவ்வளவு அழகான சொல் என்று வியந்து, தாமும் தண்டின்மேல் கை வைத்துத் தொண்டை கட்டும்வரை கூவியவர் யார்? இரண்டு பொருளும் அறிந்தவர் இந்த அரசில் நீர் ஒருவரே. என் ஓலை உம் கைக்கு வந்தபோது, நக்கை, இச்சொல் இங்கே ஆகாது, மாற்றி எழுது என்று ஒரு வரி விடுத்திருந்தால் போதும். நீர் விடுக்கவில்லை. அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தவர்போல வாங்கி வைத்துக்கொண்டீர்.

அதோடு முடியவில்லை. கடலோரத்து மற்றைப் பதினொரு நாட்டவைகளும், நக்கை எழுதினால் சரியாகவே இருக்கும் என்று என் தொடரை எழுத்துக்கு எழுத்துப் படியெடுத்து உமக்கு விடுத்தன. அவற்றுக்கும் இதே ஆணை சென்றிருக்கிறது. வடக்கே மூன்று நாடுகளில் பள்ளிக் கதவுகள் சாத்தப்பட்டன என்று கேள்விப்பட்டேன். நீர் ஒரு கதவையும் தொடவில்லை. என் எழுத்தைக்கொண்டே சாத்தினீர். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆணையோலையை அவையில் நானே படித்தேன். எவரும் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உப்பளத்துக் கொற்றி மட்டும் எழுந்தாள். அவளுடைய இரு பெண்மக்களும் புன்னைத்துறைப் பள்ளியில் படிப்பவர்கள். அரசரை நம்பினோமா அமைச்சரை நம்பினோமா என்பது எங்களுக்குத் தெரியாது, நாங்கள் நம்பியது உன்னை என்று சொல்லிவிட்டு அமர்ந்தாள். மறுநாள் மூத்த பெண் பாத்திக்கு உப்பு வாரப் போய்விட்டாள். பெருக்கல் வாய்பாட்டில் பாதி வந்திருந்தாள் என்று தத்தன் என்னிடம் வருந்தினார். அவரும் இப்போது முற்பகலில் உப்பு சுமந்து, பிற்பகலில் பாடம் சொல்கிறார். ஊரை விட்டுப் போகுமாறு நானே கூறினேன். இளையவள் இன்னும் வருகிறாள், அவள் நிற்கும்வரை தாமும் நிற்பதாகச் சொன்னார்.

இனி ஆணை. அமைச்சர்க்கு ஆணையிடும் உரிமை நாட்டவைத் தலைவிக்கு இல்லை என்பதை அறிவேன். ஆகவே எனக்கு உரிய இடத்தில் இட்டதை மட்டும் இங்கு எழுதுகிறேன். தாழையடி நாட்டின் நான்கு பள்ளிகளில் ஒன்றும் சாத்தப்படாது. அடுத்த அறுவடைவரை என் நிலத்து நெல் அந்த ஆசிரியர்க்கே ஆகும். அதற்கு மேல் எப்படி என்பது எனக்கும் தெரியாது. ஒருத்தியின் நெல் நான்கு பள்ளிக்கு நெடுநாள் வாராது என்பதனாலன்றோ அரசை நாடினோம்!

நாளை புறப்படுகிறேன். பதினொரு நாட்டவைகளின் முன்னும் நின்று, அத்தொடர் என் கையால் வந்தது, உங்கள் பிள்ளைகளுக்குக் கேடு என் எழுத்தால் நேர்ந்தது என்று சொல்லி மன்னிப்புக் கேட்பேன். புரட்டாசித் திங்களில் தேவர் குடிகளின் முறையீடு கேட்கும் நாளன்று கொன்றைமாநகரில் இருப்பேன். பன்னிரண்டு நாட்டாரின் ஓலைகளையும் அன்று திருமுன்னர் கொண்டுவந்து வைப்பது உம் கடமை. அச்சொல்லின் பொருள் என்ன என்று தேவர் என்னைக் கேட்டால் வாய் திறக்கமாட்டேன். எழுதியவள் சொல்லும் விளக்கம் தப்பிக்கச் சொல்வதாகவே தோன்றும். எம் அமைச்சர் அறிவார், அவரையே கேட்டருள்க என்று விண்ணப்பித்துக் கைகட்டி நிற்பேன். அங்கு நீர் எந்தப் பொருளைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வேன்.

நிலம் தழைக்க, நெறி நிலைக்க. சித்திரையில் விடுத்த ஓலையில் பன்னிரண்டு ஊர் முத்திரைகளும் இருந்தன. இவ்வோலைக்கு ஊரார் தம் முத்திரையைத் தர மறுத்தனர். எழுதுகிறவள் நான் என்பதே அவர்கள் சொன்ன காரணம். நானும் வற்புறுத்தவில்லை. ஆதலால் இதில் உள்ளது ஒரே முத்திரை.

இவை சாத்தன் நக்கை என் எழுத்து.