கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த அண்ணன்

திருச்சினாப்பள்ளி
7–12–1936

அன்புத் தங்கை மாயக்காளுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நானும் உன் மதினி சோலையம்மாளும் குழந்தை சின்னத்தாயும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் தங்கப்பொண்ணும் எப்படி இருக்கிறீர்கள்?

நாலு வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை என்று நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நியாயமான கோபம்தான். கம்பெனியில் எங்கள் துரை இந்தத் தடவை கிறிஸ்துமஸுக்குத் தாராளமாக லீவு கொடுத்திருக்கிறார். இருபதாம் தேதி புறப்பட்டு கோச்சடைக்கு வருகிறோம். முப்பதாம் தேதிக்குள் திரும்ப வேண்டும். புது வருஷத்தன்று குமாஸ்தாக்கள் எல்லோரும் துரையைப் பார்த்து மாலை போட வேண்டும். வராதவன் பெயர் அவர் மனதில் தனியாக நின்றுவிடும். இப்போது தலைமை குமாஸ்தா வேலை வேறு காலியாகிறது.

ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பச் சொல்.

உன் அண்ணன்,
முத்திருளன்

கோச்சடை
12–12–1936

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை மாயக்காள் வணக்கம். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உங்கள் மாப்பிள்ளை, "என்னடி, கவர்னரே வர்ற மாதிரி சுவத்துக்கு வெள்ளையடிக்கிற?" என்று கேலி செய்கிறார். கவர்னர் வந்தால் நான் எதற்கு வெள்ளையடிக்கிறேன்?

ஸ்டேஷனுக்கு எங்கள் பண்ணையாள் சங்கிலி வண்டி கொண்டு வருவான். நீங்கள் அவனைப் பார்த்ததில்லை. மூன்று வருஷமாக வயற்காவல் அவன்தான். கொட்டகை போட்டுப் பெண்சாதி ராமக்காளோடு அங்கேயே இருக்கிறான். வண்டிக்குப் பின்னால் ஒரு நாய் ஓடி வரும், மதினி பயப்பட வேண்டாம். செம்பட்டை உடம்பு, வாய் மட்டும் கரி பூசியதுபோல் இருக்கும். கருவாயன் என்று பெயர். சங்கிலிதான் வேட்டை நாய்க்குப் பேர்போன கோம்பை வரைக்கும் நடந்துபோய் குட்டியாக வாங்கி, மடியில் கட்டிக்கொண்டு வந்தான். ஆட்டுப்பால் புகட்டி வளர்த்தான். போன ஐப்பசியில் கதிர்க்கட்டில் கிடந்த கண்ணாடிவிரியனை அது காட்டிக் கொடுத்திராவிட்டால் இன்றைக்கு எனக்கு நெற்றியில் பொட்டு இராது. அதனால் எங்கள் வீட்டில் அதற்குத்தான் முதல் சோறு.

குழந்தைக்குச் சளி பிடிக்காமல் கூட்டி வாருங்கள். விடியற்காலை இங்கே ஆற்றுக் குளிர் அதிகம்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
மாயக்காள்

திருச்சினாப்பள்ளி
4–1–1937

அன்புத் தங்கைக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். நீ கட்டிக் கொடுத்த சீடையும் முறுக்கும் தெருவெல்லாம் பேர் வாங்கிவிட்டன. சின்னத்தாய் காலையில் எழுந்ததும் "அத்தை வீட்டுக்கு" என்று அழுகிறாள். உன் மதினியும் இத்தனை நாள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் காணாமல் போன நாய் கிடைத்ததா? எனக்கு அதே யோசனையாக இருக்கிறது. அன்று காலையில் நான் துரைக்குப் பழம் வாங்க ஆற்றோரமாக மதுரைச் சிம்மக்கல்லுக்கு நடந்து போனேன் அல்லவா? அப்போது அது சங்கிலி கொட்டகையில் படுத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவனோடு முன்பின் தெரியாத ஆள் ஒருவன் நின்று பேசிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மனது கேட்கவில்லை. நல்ல வேட்டை நாய்க்கு இப்போது கிராக்கி அதிகம். அவனைக் கொஞ்சம் அழுத்திக் கேட்கச் சொல். சொந்த வீட்டு ஆள் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்.

உன் அண்ணன்,
முத்திருளன்

கோச்சடை
13–1–1937

அன்புள்ள அண்ணனுக்கு,

நாளை பொங்கல். வீட்டில் பொங்கல் மாதிரியே இல்லை.

கருவாயன் கிடைக்கவில்லை. சங்கிலி நாலு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் தேடினான். ஆற்று மணலில் விளாங்குடியையும் தாண்டி வெகுதூரம் போய், கால் வெடித்துத் திரும்பி வந்தான். அந்தச் சமயத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. நான் அதை உங்கள் மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். படிக்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் சங்கிலியைச் சாவடிக்குக் கூப்பிட்டு ஊர் முன்னால் கேட்டார். "யாருக்குடா வித்த?" என்றார். அவன் விழித்தான். "அய்யா, நானே வித்துப்புட்டு நானே தேடுவனா? அன்னைக்கி எங்கிட்ட யாரும் வந்து பேசலையே" என்றான். "அப்ப எங்க மச்சான் பொய் சொல்றாரா?" என்று இவர் கை நீட்டிவிட்டார். கன்னத்தில் ஒரே அடி. சங்கிலி கன்னத்தைக்கூடத் தடவவில்லை. "படிச்சவுக பொய் சொல்ல மாட்டாக அய்யா. எனக்குத்தேன் என்ன நடந்துச்சுன்னு வெளங்கல" என்றான். மறுநாள் விடிந்து பார்த்தால் கொட்டகை காலி. இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிறவனோடு போய்விட்டான் என்கிறார்கள். ராமக்காள் விளாங்குடியில் தாய் வீட்டில் இருக்கிறாளாம்.

அண்ணே, அந்தப் பத்து நாளை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். துரை கொடுத்த கேக்கை நீங்கள் கிறிஸ்துமஸ் அன்று அறுத்து எல்லோருக்கும் கொடுத்தீர்கள். சங்கிலி தன் துண்டை மோந்து பார்த்து, "சாராய வாடை அடிக்குது, துரை திங்கிறது கருவாயனுக்கே இருக்கட்டும்" என்று நாய்க்குப் போட்டான். நீங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு தினமும் உங்கள் இலையிலிருந்து சோறு எடுத்துக் கருவாயனுக்கு ஊட்டினீர்கள். அது உங்கள் பின்னாலேயே திரிந்தது. எவ்வளவு நன்றாக இருந்தது!

நீங்கள் சங்கிலியைத்தான் பார்த்தீர்களா? தூரத்தில் வேறு யாரையாவது பார்த்திருக்க முடியுமா? கோபிக்காமல் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புள்ள,
மாயக்காள்

திருச்சினாப்பள்ளி
25–1–1937

அன்புத் தங்கைக்கு,

முதலில் நல்ல சேதி. என்னைத் தலைமை குமாஸ்தாவாகப் போட்டுவிட்டார்கள். எனக்கு மூத்தவர்கள் இரண்டு பேர் இருந்தும் துரை என்னைத்தான் கூப்பிட்டுக் கை கொடுத்தார். நம் வம்சத்தில் யாருக்கு இப்படிக் கிடைத்தது?

சங்கிலி விஷயம். குற்றமில்லாதவன் எதற்கு ராவோடு ராவாகக் கிளம்ப வேண்டும்? ஓடினதே சாட்சி. இதைப் பற்றி இனி யோசிக்காதே.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு தடவை இங்கே வந்து போக வேண்டும். வருமுன் மறக்காமல் எழுதிவிட்டு வாருங்கள்.

உன் அண்ணன்,
முத்திருளன்

கோச்சடை
24–2–1937

அண்ணனுக்கு,

எழுதிவிட்டு வரச் சொன்னீர்கள். நான் எழுதாமல் வந்தேன். உங்களுக்கு வேலை உயர்ந்திருக்கிறது, திடீரென்று வாசலில் போய் நின்றால் அண்ணன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். எங்கள் ஊர் ஜெயக்கொடி அக்கா மகனைப் பார்க்கத் திருச்சினாப்பள்ளிக்குப் புறப்பட்டாள். தங்கப்பொண்ணைத் தூக்கிக்கொண்டு அவளோடு ரயிலேறினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கினோம். கையில் ஒரு தூக்குப் பணியாரம், புது அரிசி.

அக்கா தன் மகன் வீட்டுப் பக்கம் திரும்பினதும் நான் விசாரித்துக்கொண்டே நடந்தேன். கண்டோன்மெண்ட் பக்கம் பெரிய பங்களா ஒன்று. வெள்ளை உடுப்புப் போட்ட பட்லர் ஒருவன் தோல்வாரில் நாயைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்தான். தங்கப்பொண்ணு என் இடுப்பில் இருந்தபடி, "அம்மா, கருவாயன்" என்றாள். நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அதற்குள் அது பட்லரை இழுத்துக்கொண்டு வந்து என் காலில் விழுந்தது. குரைக்கவில்லை. குழந்தை விம்முவதுபோல் ஒரு சத்தம்.

பட்லர் பதறிப்போனான். "பயப்படாதீங்கம்மா, கடிக்காது. டைகர்னு பேரு. நம்ம ஹெட் கிளார்க் முத்திருளன் சார் புது வருஷத்துக்குத் துரைக்கு மாலை போட்டுக் குடுத்த நாயி. வந்ததுலருந்து சரியா சோறு திங்கல. இப்பிடி யாருகிட்டயும் போனதுமில்ல" என்றான்.

நான் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன். தூக்கைத் திறந்து பணியாரத்தைப் போட்டேன். அத்தனையும் தின்றது. பட்லர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவன் அதை இழுத்துப் போனான். நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. உங்கள் வீடு அங்கிருந்து மூன்றாவது தெரு என்று பட்லர் கை காட்டினான். நான் ஸ்டேஷனுக்குத் திரும்பினேன். சாயங்கால வண்டி வரும்வரை தங்கப்பொண்ணு, "மாமா வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அண்ணே, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். சங்கிலி காலில் விழுந்தாவது கேட்டு வாங்கி உங்கள் கையில் கொடுத்திருப்பேன். என் அண்ணனுக்கு ஒரு வேலை பெரிதா, நாய் பெரிதா? கேட்கக்கூட உங்களுக்கு நான் ஆகவில்லையே. அத்தனை நாள் உங்கள் இலையிலிருந்து நீங்கள் ஊட்டினது எதற்கென்று இப்போதுதான் தெரிகிறது. அதையும் மன்னித்துவிடுவேன். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து, மை தொட்டு, நிதானமாக, பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று எனக்கு எழுதினீர்களே! அதை நான் நம்பி வாசித்தேனே!

மதினிக்கும் தெரியுமா?

ஒன்று கேட்கிறேன். நாயைத் திரும்ப வாங்கி வாருங்கள். வாங்க முடியாவிட்டால் நீங்கள் மட்டுமாவது வாருங்கள். சங்கிலி அடி வாங்கின சாவடியில் நின்று உண்மையைச் சொல்லுங்கள். அவ்வளவு போதும். நான் உங்களுக்குப் பழையபடி இலை போடுவேன்.

மாயக்காள்

திருச்சினாப்பள்ளி
2–3–1937

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு இரண்டு நாள் ஆபீஸில் பேனா ஓடவில்லை. வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாயே, அது நியாயமா?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். துரைக்கு வேட்டை என்றால் உயிர். நல்ல நாட்டு நாய் வேண்டும் என்று ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். எனக்குப் போட்டியாக இருந்தவன் ஒரு குட்டியைப் பேசி வைத்துவிட்டான். கருவாயனைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கேட்டு நீங்கள் இல்லை என்றுவிட்டால் என்ன செய்வேன்? மாப்பிள்ளை முன்னால் என் மரியாதை என்ன ஆகும்? அன்று காலையில் அது தானாகவே என் பின்னால் சிம்மக்கல் வரை வந்தது. எங்கள் ஆபீஸ் பியூன் லீவில் மதுரையில்தான் இருந்தான். அவனிடம் ஒப்படைத்துப் பகல் வண்டியில் ஏற்றிவிட்டேன். நீங்கள் தேடி அலைவதைப் பார்த்தபோது சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. எழுதினதும் உங்கள் சந்தேகம் என் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்ற பயத்தில்தான். ஒரு பண்ணையாளை இரண்டு வார்த்தை கேட்பீர்கள், விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். மாப்பிள்ளை அடிப்பார் என்று கண்டேனா?

துரையிடம் கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. அடுத்த மாதம் அவர் நீலகிரிக்கு மாற்றலாகிறார், நாயும் போகிறது. சாவடியில் வந்து நிற்பதும் நடக்கிற காரியம் இல்லை. படித்து உத்தியோகம் பார்க்கிறவன், நாலு பேர் என்ன பேசுவார்கள்? அது உனக்கும் அவமானம்தானே? அதைவிட நல்ல சாதிக் குட்டி ஒன்று அனுப்புகிறேன்.

இது நமக்குள்ளேயே இருக்கட்டும். பங்குனியில் தங்கப்பொண்ணுக்குக் காது குத்த வேண்டும் என்று லீவில் பேசினோம். தாய்மாமன் மடி இல்லாமல் நடக்குமா? தேதி குறித்து எழுது. பட்டுப்பாவாடையோடு வருகிறேன்.

உன் அண்ணன்,
முத்திருளன்

கோச்சடை
21–3–1937

முத்திருளன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இது நான் எழுதும் கடைசிக் கடிதம். நடந்ததை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது முறை என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் மாப்பிள்ளைக்கு, ஜனவரியில் நீங்கள் எழுதினதும் இப்போது எழுதினதுமாக இரண்டு கடிதங்களையும் படித்துக் காட்டினேன். அதுவரை அவருக்கு எதுவும் தெரியாது. அடித்த கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே மண்டபத்துக்கு ரயிலேறினார். அங்கே இலங்கைக்குப் போகிறவர்களை வைத்திருக்கும் முகாமில் விசாரித்திருக்கிறார். சங்கிலி கப்பலேறி மாதம் ஒன்றாகிவிட்டது. எந்தத் தோட்டம் என்று சொல்ல ஆளில்லை.

நான் விளாங்குடிக்குப் போய் ராமக்காளைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "நாயி உசுரோட இருக்கா?" என்றுதான். இருக்கிறது என்றேன். கும்பிட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். "ஆத்தா, அவரு அடி வாங்குனப்ப ஊரே பாத்துச்சு. இப்ப நீங்க சொல்றது எனக்கு மட்டும் கேட்டாப் போதுமா?" என்றாள்.

போதாது என்றுதான் எனக்கும் பட்டது. திரும்பி வந்து அவரிடம் சொன்னேன். அவர், "சங்கிலி மேல குத்தமில்லைன்னு மட்டும் சொல்லிருவோம். ஒங்கண்ணன் பேர எடுக்க வேணாம். ஒம்பொறந்த வீட்டுக்குக் கேவலம்" என்றார். என்னை நினைத்துத்தான் சொன்னார். "சங்கிலி பேரச் சொல்லித்தான அடிச்சீக?" என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை சாவடியில் ஊர் கூடினது. ராமக்காளை அழைத்து வந்து முன்னால் உட்கார வைத்தோம். அவர் எழுந்து, தான் அடித்தது பிசகு என்றார். அவ்வளவோடு உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்தேன். பெண்பிள்ளை அங்கே பேசி வழக்கமில்லை. பெரியவர் நல்லகாமன் மட்டும், "பேசட்டும்ப்பா" என்றார். "நாயைக் களவாண்டது எங்கூடப் பொறந்த அண்ணன் முத்திருளன். சங்கிலி மேல பழி போட்டதும் அவருதேன். அதை நம்பி வாசிச்சது நான்" என்றேன். உங்கள் பெயரைச் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. சொல்லி முடித்தேன். ராமக்காள் எழுந்து முந்தானையை உதறிப் போர்த்திக்கொண்டு, எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு நடந்து போனாள். கொட்டகையில் வந்து இருக்கச் சொன்னோம். சங்கிலி வந்து சொல்லட்டும் என்றுவிட்டாள்.

சங்கிலியிடமிருந்து அவளுக்குத் தபால் வந்தால் என்னிடம் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு இதையெல்லாம் என் கையாலேயே எழுத வேண்டும்.

குட்டி அனுப்ப வேண்டாம்.

தங்கப்பொண்ணுக்கு நேற்றுக் காது குத்தியாகிவிட்டது. "மாமன் எங்கப்பா?" என்று தட்டார் இரண்டு தடவை கேட்டார். நானே அவளை மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்சம்தான் அழுதாள்.

மதினிக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தேன். அதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. இனி எழுத வேண்டாம்.

மாயக்காள்,
மலையாண்டி பெண்சாதி