கொசு மருந்து இல்லை

ஞாயிறு, அக்டோபர் 12. காலை 8.40. கழற்றிய திருகுகள் 14.

இரவெல்லாம் மழை. குவார்ட்டர்ஸ் பின்வாசலில் பேப்பர் விரித்து ரிமோட்டில் ஓடும் என் ஆர்.சி. கார் சுத்தம். நேற்று கிரவுண்டில் ஓட்டிய சேறு. ஏர் ஃபில்டர் பஞ்சு கன்னங்கரேல், நிலக்கரித் தூள். சோப்புத் தண்ணீரில் அலசிக் காயப்போட்டேன். மீதி: டேங்கைக் காலி செய்து, இன்ஜினுக்குள் எண்ணெய் விடுவது. பெட்ரோல் இல்லை இது, மெத்தனால் கலவை. உள்ளே விட்டுவைத்தால் ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும்.

முடிக்க விடவில்லை. வீடு பார்க்கப் பதினொன்றுக்கு வரவேண்டிய பெண் வீட்டார் ஒன்பதுக்கே வந்து இறங்கினார்கள்.

அம்மா: "டேய், அந்தப் பொம்மையத் தூக்கிப் பரண்ல போடு. இருபத்தெட்டு வயசுல காரு வெச்சு வெளையாடுறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

போட்டேன். பழைய வேட்டியில் சுற்றி, டேங்க் நிறைய எரிபொருளோடு.

பெண்ணின் மாமா, குள்ளஞ்சாவடியில் உரக்கடை. உட்கார்ந்ததும் மூக்கைச் சுளித்தார். "இன்னாங்க, ஒரு நெடி தூக்குது?"

"கொசு மருந்துங்க," அம்மா.

"அடேங்கப்பா. கொசு சாவுதோ இல்லியோ, ஆளு செத்துடுவான் போலக்கீதே."

அப்பா அவசரமாகக் கேசரியை நீட்டினார். டிப்ளமோ மெக்கானிக்கல், மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை என்றதோடு நான் வாயை மூடிக்கொண்டேன்.

திங்கள், 13.

மழை. ஷிஃப்ட் முடிந்து வந்து பரணில் கை வைத்தேன். அம்மா: "பதில் வர்ற வரைக்கும் தொடாத. அவங்க சொந்தக்காரங்க பக்கத்து பிளாக்லயே இருக்காங்க." கோபத்தில் சாப்பிடவில்லை. பிறகு பசித்தது, சாப்பிட்டேன்.

புதன், 15.

பெண்ணின் மாமாவிடமிருந்து அப்பாவுக்கு போன். ஸ்பீக்கரில்.

"எல்லாம் புடிச்சிருக்குங்க. ஆனா பையன் பொம்ம காரு வுட்டுகினு திரியறானாமே? அத்த வித்துட்டா தேதி குறிச்சிடலாம்."

அப்பா "சரிங்க" என்று இழுப்பதற்குள் நான்: "விக்க மாட்டேனுங்க."

அம்மா அப்புறம் என்னோடு பேசவில்லை. வேலைக்கு வசதி.

காரை இறக்கினேன். ஸ்டார்ட்டர் கயிறு அசையவில்லை. இன்ஜின் இறுகிக் கிடந்தது. அக்காவின் ஹேர் டிரையரில் தலைப்பகுதியைச் சூடாக்கி, ஃப்ளைவீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி... ரொம்ப நேரம். கடைசியில் ஒரு கிளக். சுற்றியது! பின்பக்க பேரிங்கில் மட்டும் கரகர. துரு.

வியாழன், 16. மாலை.

நர்மதா போன் செய்தாள். அந்தப் பெண்தான். இதுவரை பேசியதில்லை.

"மாமா பொம்மைன்றாரு. பொம்மைங்களா?"

"இன்ஜினுங்க. சின்னது, ஆனா நெஜ இன்ஜின்."

"அப்ப அன்னிக்கு அடிச்ச நெடி அதோடதுதான். எதுக்கு கொசு மருந்துன்னீங்க?"

"அம்மாதான் சொன்னாங்க."

"நீங்க எங்க இருந்தீங்க அப்போ?"

"...பக்கத்துல."

"ம்." வைத்துவிட்டாள். கோபமா, சிரிப்பா, தெரியவில்லை.

கேள்வி சரி. பொம்மை என்றதற்கு நாலு நாளாக எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன். பரணில் போட்டது என் கை.

இனி:

1. பின்பக்க பேரிங் மாற்றுவது. ஃபில்டர் பஞ்சுக்கு எண்ணெய்.

2. பரண் கிடையாது. காருக்கு இடம் ஹாலில், டிவி பக்கத்தில். யார் வந்தாலும்.

3. ஞாயிறு குள்ளஞ்சாவடி. மாமா கடை வாசலில் ஸ்டார்ட் செய்து, அந்த நெடி எதுவென்று நானே சொல்வது. அப்புறம் பெண் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி.

4. ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்வது. அங்கேயே, அவர் கண் முன்னால்.