லாரி டிரைவரை ஏன் காட்டுவதில்லை

ஏப்ரல் 6

புதிய பருவம் தொடங்கிவிட்டது. ஜப்பான் கார்ட்டூன் என்று சொன்னால் மருமகளுக்குக் கோபம் வரும். அனிமே என்று சொல்ல வேண்டுமாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுக் கதைகள் வரும், வாரம் ஒரு பகுதி. அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது. கீழே தமிழில் எழுத்து வரும், அதைப் படித்துக்கொள்ள வேண்டும். எழுபது வயதுக்கு மேல் மருமகளிடம் எழுத்துக் கற்றவன் நான். பார்த்ததைப் பற்றி எழுதினால் கை பழகும் என்கிறாள். எழுதுகிறேன். இவ்வளவு எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும்.

ஏப்ரல் 8

முதல் கருத்து. ஒரு பையன் ரோட்டைக் கடக்கிறான், லாரி அடிக்கிறது, செத்துப் போய் வேறு உலகத்தில் இளவரசனாகப் பிறக்கிறான். இரண்டாவது கதையிலும் லாரி. இவன் அங்கே போய்ச் சமையல்காரன் ஆகிறான். மூன்றாவதில் ஒரு பெண். அவளையும் லாரிதான் அனுப்பிவைக்கிறது.

நான் காலமெல்லாம் லாரி ஓட்டியவன். கேட்கிறேன்: அந்த டிரைவர் என்ன ஆனான்? இறங்கினானா, ஓடினானா? அன்றைக்கு அவன் வீட்டில் யாராவது சாப்பிட்டார்களா? ஒரு கதையிலும் அவனைக் காட்டுவதில்லை. இரண்டு விளக்கு, ஒரு ஹாரன், அவ்வளவுதான்.

வீட்டுக்காரி சொல்கிறாள், "பொம்மை லாரிக்கு ஏன் இப்படிக் கொதிக்கிறீங்க?"

கொதிக்காமல்?

ஏப்ரல் 10

எழுத்து நிற்பதில்லை. 'நான் உன்னை' என்று கூட்டுவதற்குள் ஓடிவிடுகிறது. உன்னை என்ன? கொல்வானா, கட்டிக்கொள்வானா? நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்க்கிறேன். அரை மணி நேரக் கதை எனக்கு மதியம் முழுக்க வருகிறது. லாபம்தான்.

ஏப்ரல் 14

இன்று மச்சானோடு டயாலிசிஸ் போனேன். வீட்டுக்காரியின் அண்ணன். அதற்கு முன்பே என் சிநேகிதன். கொத்தனார். சர்க்கரை முதலில் கண்ணைத் தின்றது, பிறகு கிட்னியை. இப்போது நிறமும் அசைவும் மட்டும் தெரியும். அவன் மகனுக்கு வேலை நேரம் மாறிவிட்டது, அதனால் இனிமேல் கூடப் போவது நான்.

மெஷினை மாட்டிவிட்டுச் சிஸ்டர் நகர்ந்ததும் சொன்னான்: "போதும்னு இருக்கு மாப்ள. இதை நிறுத்திடலாம்னு பாக்கறேன்."

போனை எடுத்து, மருமகள் போட்டுத் தந்த ஒரு கதையைத் திறந்தேன். மூடுபனிக்குள் பாலம் கட்டும் பெண். அவள் அப்பன் தொடங்கிய பாலம், அக்கரை எங்கே என்று யாருக்கும் தெரியாது. நிறுத்தி நிறுத்தி, எழுத்துக்கூட்டி, சத்தமாகப் படித்தேன்.

"தூணு எதுல கட்டறா?"

"கல்லுல."

"என்ன கலரு?"

"கருப்பு."

"அப்ப தாங்கும். படி."

ஏப்ரல் 21

மற்றக் கதைகள். பெரிய இரும்பு மனிதனுக்குள் ஏறி உட்கார்ந்து ஓட்டும் பையன்: கிளட்ச் இல்லை, பக்கக் கண்ணாடி இல்லை, ரிவர்ஸ் எடுக்கும்போது திரும்பிப் பார்ப்பதே இல்லை. யார் இவனுக்கு லைசென்ஸ் கொடுத்தது? சமையல்காரன் கதை நன்று. சாப்பிட்டவர்கள் எல்லோரும் அழுகிறார்கள், அது கொஞ்சம் அதிகம். பாலத்துக்குத்தான் முதல் பரிசு.

இன்று அந்தப் பெண் தண்ணீரில் விழுந்துவிட்டாள். நான் படித்துக்கொண்டே இருக்கிறேன். பக்கத்துப் படுக்கை டெய்லர் சொன்னார், "பெரியவரே, நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள அவ மூழ்கிடுவா." ஹால் முழுக்கச் சிரிப்பு. "சத்தம் போடாதீங்க தாத்தா" என்று வந்த சிஸ்டர், போகும்போது மெதுவாகக் கேட்டாள், "பொழச்சாளா?"

மச்சான் விடவில்லை. "சும்மா இருய்யா டெய்லரு. என் மாப்ள ஒவ்வொரு எழுத்தா வெரட்டிப் புடிக்கறான். ஓடறது எழுத்து, அவன் மேல என்ன தப்பு?"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மே 12

ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை. மூன்று பேர் வந்து குத்திப் பார்த்தார்கள். மச்சான் கத்தவில்லை, மேலே பார்த்துக்கொண்டு கிடந்தான். கை வீங்கிக் கன்றிவிட்டது. பிறகு சொன்னான்:

"அந்தப் பாலம் அக்கரை சேருதான்னு மட்டும் பாத்துடறேன். அதுக்கப்புறம் என்னை விட்டுடணும். நீதான் மகன்கிட்ட பேசணும்."

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். "நீங்க சொன்னாதான் அண்ணன் கேப்பாரு. ஏதாவது சொல்லுங்களேன்."

மருமகளிடம் கேட்டேன், இந்தக் கதையைக் கொஞ்சம் நீட்டச் சொல்ல முடியுமா, அவர்களுக்கு எழுதிப் போட்டால்?

"அவங்க எப்பவோ முடிவு பண்ணிட்டிருப்பாங்க மாமா."

மே 13

எப்போதோ முடிவு பண்ணிவிட்டார்களாம்.

ஜூன் 9

இன்று ஒரு தூண் சரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். மச்சான் அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்தான். "அஸ்திவாரம் தோண்டாம தூணை நட்டா நிக்குமா? கூலிக்கு வந்தவளா இவ?" திட்டும்போது அவன் முகத்தில் பழைய கொத்தனார் தெரிந்தான். டெய்லர்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

இன்னும் நாலைந்து தூண் சரிய வேண்டும். சரியட்டும்.

ஜூன் 16

சரியவில்லை. கெட்டியாகக் கட்டுகிறாள். நன்றாக இரு தாயே, இவ்வளவு அவசரம் ஏன்?

ஜூன் 23

கடைசிப் பகுதி. காலையிலேயே வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டேன். சேர்ந்துவிட்டது. பனி விலகி எதிரே மண். அவள் ஒரு காலை எடுத்து வைக்கிறாள். அப்புறம் 'முற்றும்' என்று வந்தது. அந்தச் சொல் மட்டும் ஓடவில்லை. வெகு நேரம் நின்றது.

மதியம் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த இடம் வந்ததும் படித்தேன்: "இது கரை இல்லை, நடுவில் இருக்கும் ஒரு பாறைதான், இன்னும் வெகு தூரம் கட்ட வேண்டியிருக்கிறது, அடுத்த வருடம் மறுபடியும் வருவோம்."

போனில் அந்தப் பெண் அழும் சத்தம் மட்டும். மச்சான் தடவித் தடவி என் கையைப் பிடித்தான்.

"மாப்ள, நீ படிச்சா எழுத்துக்கு எழுத்து தடுக்கி விழுந்து எழுந்து வருவே. இன்னைக்கு என்ன, தார் ரோட்டுல போற மாதிரி போறே?"

"பழகிடுச்சு."

"கதை விடாதே. அங்க என்ன போட்டிருக்கோ அதைப் படி."

பின்னால் தள்ளினேன். நிறுத்தினேன்.

"அக்... கரை... வந்... து... விட்... டது."

"இப்பதான் நீ படிக்கறே" என்றான்.

டெய்லர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மச்சான் கேட்டான், "கைப்பிடிச்சுவர் கட்டினாளா?"

"இல்லே."

"புத்தி கெட்டவ. யாராவது விழுந்து வைக்கப் போறாங்க."

நான் என்ன பண்ணுவேன்? அந்த வரியை நானா எழுதினேன்? எழுத்தே கத்துக்காம இருந்திருக்கலாம். பேசாம வெறும் படத்தைப் பாத்துக்கிட்டுக் கெடந்திருப்பேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

ஜூன் 24

அவன் மகனிடம் பேசினேன். டாக்டர் மச்சானைத் தனியாகக் கேட்டார், பிறகு மகனைக் கேட்டார். இனி மெஷின் இல்லை.

சாப்பாடு போடும்போது வீட்டுக்காரி ஒன்று சொன்னாள்: "ஒரு பொய்யைக்கூட உருப்படியாச் சொல்லத் தெரியலையே உங்களுக்கு."

ஜூன் 28

மச்சான் வீட்டில். கேட்கிறதெல்லாம் கொடுக்கிறார்கள். ஐஸ் தண்ணீர் கேட்டான், இத்தனை நாள் அளந்து கொடுத்தது. "என்ன ருசி மாப்ள!" என்றான். சமையல்காரன் கதையைப் படிக்கவா என்றேன். "படி, ஆனா மெதுவா" என்றான். எனக்கு வேறு எப்படிப் படிக்க வரும்?

ஜூலை 2

காலையில் போய்விட்டான். வீட்டுக்காரி பக்கத்தில் இருந்தாள். நானும்.

ஜூலை 8

புதிய பருவம். மருமகள் போட்டுக் கொடுத்தாள், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்காரியும் வந்து உட்கார்ந்தாள். அவள் இதுவரை ஒன்றும் பார்த்ததில்லை.

முதல் கதையிலேயே லாரி. இரண்டு விளக்கு, ஹாரன். ஆனால் இந்த முறை கதவு திறந்தது. டிரைவர் குதித்து இறங்கி ஓடி வருகிறான். தொப்பி விழுகிறது, எடுக்கவில்லை. கத்துகிறான்: 'யாராவது வாருங்கள், எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.'

நான் நிறுத்தவில்லை. அந்த வரி ஓடுவதற்கு முன்பே முழுவதையும் படித்துவிட்டேன், சத்தமாக, ஒரே மூச்சில், ஒரு எழுத்தும் தடுக்காமல்.

மச்சான் கேட்டிருந்தால், கதை விடாதே மாப்ள என்றிருப்பான்.