சிவப்பியின் மூன்றாவது சிலிண்டர்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் நீ பதில் போடமாட்டாய். ஐந்து மாதமாகப் போடவில்லையே. போனையும் எடுப்பதில்லை. வண்டியைப் பற்றிக் கேட்டாலாவது எழுதுவாய் என்றுதான் இது.

நேற்று ஷெட்டைத் திறந்து உன் சிவப்பியைக் கிளப்பினேன். கிளம்பிவிட்டாள். ஆனால் உடம்பெல்லாம் உதறல், இன்ஜின் விட்டு விட்டு மிஸ் ஆகிறது. அப்பா மயங்கி விழுந்த அன்றைக்கும் இப்படித்தான். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகும் என்றதால்தானே அப்பாவை அந்த ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரில் ஏற்றினேன்? மேம்பால ஏற்றத்தில் நின்றவள் நகரவே இல்லை. லாரி ஒன்று வந்து ஏற்றிக்கொள்ளும்வரை நாற்பது நிமிஷம் போனதால்தான் அப்பாவின் வலது பக்கம் விழுந்துவிட்டது என்றார் டாக்டர். நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால், "கண்ணுமண்ணு தெரியாம மிதிச்சு நீதான் இன்ஜினைக் கெடுத்த!" என்று கத்தினாய்.

நான்தான் கெடுத்தேனா? எனக்குத் தெரிந்தாக வேண்டும். எப்படிப் பார்ப்பது, சொல்லு.

உன் அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

இன்ஜின் ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டு. ரப்பர் கையுறை போட்டுக்கொள், இல்லையென்றால் ஷாக் அடிக்கும். கழற்றியதும் ஓட்டம் தளர்ந்தால் அந்த சிலிண்டர் நல்லது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் படுத்துக்கிடப்பது அதுதான். அதன் பிளக்கையும் வயரையும் பக்கத்து சிலிண்டரோடு மாற்றிப் பார். கோளாறு கூடவே நகர்ந்தால் புதுசு போடு. நகராவிட்டால் அப்படியே விட்டுவிடு. மேல்மூடியை மட்டும் திறக்காதே, உனக்குப் புரியாது.

அப்பா சாப்பிடுகிறாரா?

தம்பி

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

மூன்றாவது சிலிண்டர். பிளக் மாற்றினேன், வயர் மாற்றினேன், கோளாறு அசையவில்லை. எதிர்வீட்டு மெக்கானிக்கிடம் சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கும் கம்ப்ரஷன் மீட்டர் வாங்கி வந்து வைத்தேன். மற்ற மூன்றிலும் நூற்றறுபதுக்குக் குறையவில்லை. மூன்றாவதில் அறுபது.

உனக்குப் புரியாது என்று எழுதினாய் பார், அதற்காகவே மூடியைத் திறந்தேன். வால்வுக்கு மேலே நூலிழை இடைவெளி இருக்க வேண்டுமாமே? மூன்றாவதில், இடைவெளி அளக்கும் உன் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. இடைவெளி இல்லாவிட்டால் சூட்டில் வால்வு சரியாக மூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும் என்றார் மெக்கானிக்.

கேஜ் இருந்த டப்பாவில் உன் நோட்டும் இருந்தது. ஆகஸ்ட் 2, உன் கையெழுத்து: "அப்பாவுக்கு இன்ஜினோட டிக் டிக் சத்தம் பிடிக்கல, தூக்கம் கெடுதாம். மூணாவது வால்வை இறுக்கிட்டேன். இப்ப சத்தமே இல்ல."

உனக்கு எப்போது தெரியும்? அப்பா தினமும் குழறிக் குழறி, "விடும்மா, அவசரத்துல மிதிச்சிருப்ப" என்று என்னை மன்னிக்கிறார். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்டா. அவரிடம் நான் சொல்லமாட்டேன். நீ வந்து சொல்லு.

உன் அக்கா

மார்ச் 24

அக்கா,

அன்றைக்கே தெரியும். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில்தான் மேம்பாலம். நீங்கள் லாரியில் போய்விட்டிருந்தீர்கள். வண்டியைக் கிளப்பி, புகைக்குழாயில் கை வைத்துப் பார்த்தேன். விட்டு விட்டு ஊதியது. நான் இறுக்கிய வால்வுதான் என்று புரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வந்து உன்னிடம் கத்தினேன்.

சனிக்கிழமை வருகிறேன். நானே சொல்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்.

தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

சனிக்கிழமை போயிற்று. ஞாயிறும் போயிற்று. தெருவில் எந்த வண்டி நின்றாலும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திங்கட்கிழமை காலையில் அப்பா மறுபடி "விடும்மா" என்று ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நோட்டை எடுத்து வந்து படித்துக் காட்டிவிட்டேன்.

உன்மேல் அவருக்குக் கோபம் வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. இடது கையால் தலையில் அடித்துக்கொண்டார். "சத்தத்தை நிறுத்து, நிறுத்துன்னு நச்சரிச்சது நான்தானே. பிள்ளை என்ன பண்ணுவான்?" நேற்றும் இன்றும் அதே பேச்சுதான். தட்டைத் தள்ளிவிடுகிறார்.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை. நீ சொன்னால் கேட்பார். ஐந்து மாதம் பழியை என் தலையில் வைத்தாய், சுமந்தேன். இப்போது அது அவர் தலையில் இருக்கிறது. வந்து இறக்குடா.

அக்கா