கவர் பிரிக்காத வீடு

மார்ச் 1, ஞாயிறு

மகளின் கம்ப்யூட்டருக்குப் புது கூலர் வாங்கி நானே மாட்டினேன். பழைய ஃபேன் மாவு மெஷின் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. ரிப்பேர் கடை வைத்திருக்கும் மச்சினன், "நான் வந்து மாட்டித் தரேன் அத்தான்" என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். இருபது வருடமாகக் கட்டில் மெத்தைக் கடை நடத்துகிறேன். இரட்டைக் கட்டிலைத் தனியாளாகப் பூட்டுகிறவனுக்கு நாலு ஸ்க்ரூ ஒரு விஷயமா?

கூலருக்கும் ப்ராசஸருக்கும் நடுவே தடவ பேஸ்ட் ஒரு குழாய் கொடுத்திருந்தார்கள். ப்ராசஸர் மேல் கடுகளவு வைத்தேன். மிச்சம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. கூலரின் அடிப்பக்கம் ஒட்டியிருந்த மெல்லிய கவரை நகம் படாமல் பார்த்துக்கொண்டேன். கவர் பிரித்த பொருள் பாதி விலைக்குக்கூடப் போகாது. நம் வீட்டு சோபா நாலு வருடமாகக் கவரோடுதான் இருக்கிறது. டிவி ரிமோட்டும்.

மார்ச் 2, திங்கள்

கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிட்டது. சூடு 99 டிகிரி.

"பழசுல எழுபதைத் தாண்டினதே இல்லப்பா" என்றாள் மகள். மழையில் குடை தேடும் எறும்பைப் பற்றி அவள் செய்த மூன்று நிமிட பொம்மைப் படம், ஆறு மாத உழைப்பு. அடுத்த திங்கள் காலை பத்து மணிக்குள் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். படம் முழுதாக வெளியே வர, மெஷின் ஒன்றரை நாள் நிற்காமல் ஓட வேண்டுமாம். அது பத்து நிமிடம்கூட ஓடவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

ஃபேனைத் திருப்பி மாட்டினேன். 99.

மார்ச் 4, புதன்

"கடுகளவு வெச்சா எப்படிங்க? அதுலயும் கஞ்சத்தனமா?" என்றாள் மனைவி. குழாய் முழுவதையும் பிதுக்கிவிட்டேன். சட்டை, கதவுப் பிடி, பூனையின் வால், எல்லாம் சாம்பல் நிறம். சூடு 99.

மார்ச் 5, வியாழன்

ஸ்க்ரூக்களைக் கட்டில் போல்ட் மாதிரி இறுக்கினேன். மனைவியின் மேசை ஃபேனைப் பிடுங்கி எதிரே வைத்தேன்.

"ஏங்க, எரியிற அடுப்புக்கு விசிறினா பானை ஆறிடுமா?"

97 வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று வீடு முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் அணைந்துவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

மகள் இன்று என்னோடு பேசவில்லை. கம்ப்யூட்டரும்தான்.

மார்ச் 7, சனி

இனியும் வீம்பு பிடித்தால் அவள் படிப்பில் கை வைத்தவன் ஆவேன். காலை ஏழு மணிக்கே மச்சினனை அழைத்தேன். வந்தான், சரசரவென்று சோபாவில் உட்கார்ந்தான், கூலரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"அத்தான், இந்தக் கவரு?"

"இருக்கட்டும் மாப்ளே. நாளைக்கு வித்தா புதுசுன்னு சொல்லலாம்ல?"

"மாட்டறதுக்கு முன்னாடி உரிக்கவும்னு சிவப்பு எழுத்துல போட்டிருக்கே?"

"பாத்தேன். விக்கத் தெரியாதவங்களுக்குப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "சூடு இது வழியாத்தான் மேல ஏறணும் அத்தான். நீங்க ரெயின்கோட்டை மாட்டிவிட்டுக் குளிக்கச் சொல்லியிருக்கீங்க" என்றான். மனைவிதான் சிரிப்பு தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கவரை உரித்தான். துடைத்துப் புது பேஸ்ட் வைத்தான். ஃபேனையும் சத்தமில்லாமல் சரியான பக்கம் திருப்பினான். மகள் படத்தை ஓடவிட்டாள். 58.

மார்ச் 8, ஞாயிறு

ஓடுகிறது. 61. மணிக்கொரு தடவை போய் நின்றேன். "மூச்ச விடுங்கப்பா, அது சூடாகாது" என்றாள். பேசிவிட்டாள்.

மார்ச் 9, திங்கள்

ஒன்பது நாற்பதுக்கு அனுப்பிவிட்டாள். அதற்கு முன் எங்களுக்குப் போட்டுக் காட்டினாள். எறும்புக்குக் கடைசியில் ஒரு பாட்டில் மூடி கிடைக்கிறது. எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. பிறகு பெயர்கள் வந்தன.

குளிர்ச்சி: மாமா. வெப்பம்: அப்பா.

கடைக்குக் கிளம்புமுன் கத்தரிக்கோலை எடுத்து சோபா கவரைக் கிழித்தேன். அடியில் துணி இளநீலமாம். எனக்கு மறந்தே போயிருந்தது. மூவரும் உட்கார்ந்தோம். சத்தமே இல்லை.

மனைவி மெல்ல ரிமோட்டைப் பார்த்தாள். எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் இழக்க முடியாது.